பிட் புல் வீட்டுக்கு ஆகுமா?

மூன்று மாதமாக எங்கள் வீட்டில் நாய் பேச்சுதான். நாங்கள் இருப்பது அமெரிக்காவின் வட கரோலினாவில். ஒன்பது வயது மகளுக்கு நாய் வேண்டும். காசு கொடுத்து வாங்கக் கூடாது, காப்பகத்திலிருந்து ஒன்றைத் தத்தெடுக்க வேண்டும் என்பது மனைவியின் கட்சி. எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஒரு சனிக்கிழமை பக்கத்துக் காப்பகத்துக்குப் போனோம். வரிசையாக இருந்த கூண்டுகளில் பாதிக்கு மேல் ஒரே சாயல்: அகன்ற தலை, கட்டுமஸ்தான உடம்பு, குட்டை ரோமம். அட்டையில் 'பிட் புல் மிக்ஸ்'. அப்படி ஒரு பழுப்பு நாய் கம்பி வழியாக மகளின் விரலை நக்கியது. "அப்பா, இதுதான்" என்று சொல்லிவிட்டாள். வேறு கூண்டைப் பார்க்கவே வரவில்லை.

எனக்கு அடிவயிற்றில் ஏதோ செய்தது. வீட்டில் மூன்று வயதில் ஒரு பையன் இருக்கிறான். ஊரிலிருந்து அம்மா ஆறு மாதம் தங்க வருகிறார். அம்மாவுக்கு வயது 74, கைத்தடி வைத்துத்தான் நடப்பார். "யோசிச்சுச் சொல்றோம்" என்று காப்பகத்தில் சொல்லிவிட்டு வந்து, அன்று இரவே கூகிளாண்டவரைக் கேட்டேன்.

கேட்டது தப்பாகிப் போனது. இந்த விஷயத்தில் இரண்டு மதங்கள் இருக்கின்றன. ஒன்று, பிட் புல் என்பது நாய் வேஷத்தில் இருக்கும் வெடிகுண்டு என்கிறது. இன்னொன்று, அது குழந்தைகளுக்கு ஆயா வேலை பார்த்த நாய், மனுஷன்தான் கெடுத்துவிட்டான் என்கிறது. இரண்டு பேரும் புள்ளிவிவரம் காட்டுகிறார்கள், அழுகிறார்கள், திட்டுகிறார்கள். அந்தப் பக்கங்களையெல்லாம் மூடிவிட்டு, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடி எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இது.

முதலில், பிட் புல் என்றால் எது? இந்தக் கேள்விக்கே நேர் பதில் கிடையாது. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் எருதைக் கட்டிப்போட்டு நாயை ஏவிவிடுவது பொழுதுபோக்கு. 1835ல் சட்டம் போட்டு அதைத் தடுத்தார்கள். பொழுதுபோக்குக்காரர்கள் நாய்ச் சண்டைக்குத் தாவினார்கள். எருது திடலில் நடக்கும். நாய்ச் சண்டையை மதுக்கடையின் நிலவறையிலேயே நடத்திவிடலாம், போலீசுக்குத் தெரியாது. அதற்காக புல்டாகின் பலத்தையும் டெரியரின் துறுதுறுப்பையும் கலந்து உருவாக்கியதுதான் இந்த வம்சம். சண்டை நடக்கும் பள்ளத்துக்குப் பெயர் பிட். பெயரின் முன்பாதி அங்கிருந்து வந்தது.

குடியேறியவர்களோடு நாயும் கப்பல் ஏறி அமெரிக்கா வந்தது. 1898ல் யுனைடெட் கென்னல் கிளப் இதை 'அமெரிக்கன் பிட் புல் டெரியர்' என்று பதிவு செய்தது. பழைய பெரிய சங்கமான அமெரிக்கன் கென்னல் கிளப்புக்கு அந்தப் பெயரில் சண்டை வாடை அடித்தது போலிருக்கிறது. 1936ல் ஏறக்குறைய அதே நாய்களை 'ஸ்டாஃபோர்ட்ஷயர் டெரியர்' என்ற கௌரவமான பெயரில் சேர்த்துக்கொண்டது. 1972ல் முன்னால் 'அமெரிக்கன்' ஒட்டினார்கள். பிட் புல் டெரியர் என்ற பெயரை அந்தச் சங்கம் இன்றுவரை ஏற்கவில்லை. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் புல் டெரியர் தனி, பின்னால் வந்த அமெரிக்கன் புல்லி தனி. இவை எல்லாவற்றையும், இவற்றின் கலப்புகளையும், அகன்ற தலையோடு பிறந்த எந்தத் தெருக்கலப்பையும் ஜனங்கள் 'பிட் புல்' என்ற ஒரே பையில் போடுகிறார்கள். ப்ரோக்ராமர் பாஷையில் சொன்னால், அந்த வேரியபிளுக்கு டைப்பே கிடையாது.

நாயின் பெயர் கெட்டது சமீபத்தில்தான் என்பதும் படித்தபோது தெரிந்தது. முதல் உலகப் போர் காலத்து அமெரிக்கச் சுவரொட்டி ஒன்றில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நாய். அமெரிக்காவுக்கு இந்த ஜாடை நாய்தான். அதே போரில் 102வது காலாட்படையோடு பிரான்சுக்குப் போன ஸ்டப்பி என்ற நாயின் உடலைப் பாடம் செய்து ஸ்மித்சோனியனில் வைத்திருக்கிறார்கள். அதையும் பிட் புல் பிரியர்கள் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். பழைய 'லிட்டில் ராஸ்கல்ஸ்' படங்களில் பிள்ளைகளோடு ஓடிவரும், கண்ணைச் சுற்றி வட்டம் போட்ட பீட்டியும் இந்த வகைதான். அந்த நாட்களில் ஜனங்கள் பயந்தது பிளட்ஹவுண்டுக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும். எழுபதுகளில் டாபர்மேன் பயம். எண்பதுகளில் நாய்ச் சண்டைச் செய்திகளும் போதைப் பொருள் செய்திகளும் கலந்து வந்தபோது பிட் புல்லின் முறை வந்தது. 1987 ஜூலையில் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' அட்டையில் பல்லைக் காட்டும் பிட் புல், கூடவே எச்சரிக்கை வாசகம். இந்தப் பத்திரிகையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

'ஆயா நாய்' கதைக்கும் ஆதாரம் தேடினேன். விக்டோரியா காலத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள பிட் புல்லை விட்டுவிட்டு அம்மாக்கள் வேலைக்குப் போனார்கள் என்பதற்கு அந்தக் காலத்து ஆவணம் எதுவும் கிடையாது. 1971ல் ஒரு செய்தித்தாள் கட்டுரையில் ஸ்டாஃபோர்ட்ஷயர் வளர்ப்பவர்கள் அப்படி ஒரு செல்லப்பெயர் சொல்ல, அது பிட் புல்லுக்கும் ஒட்டிக்கொண்டது. பிட் புல்களை மீட்கும் 'பேட் ராப்' என்ற அமைப்பே 2013ல், இந்தக் கதை குழந்தைகளுக்கு ஆபத்து, இனி நாங்கள் சொல்ல மாட்டோம் என்று வெளிப்படையாக அறிவித்தது. தங்கள் தரப்புக்குச் சாதகமான பொய்யைத் தாங்களே நிறுத்தினார்களே, அதனால் எனக்கு அவர்கள் மேல் ஒரு மரியாதை வந்தது.

எதிர்த்தரப்பின் கதைக்கும் இதே கதிதான். பிட் புல்லின் தாடை கடித்தால் பூட்டிக்கொள்ளும் என்பார்கள். அந்தத் தாடையில் பூட்டு எதுவும் இல்லை; மற்ற நாய்களுக்கு இருக்கும் அதே எலும்பு, அதே மூட்டு. ஆனால் கடித்ததை விடாமல் பிடித்து உலுக்கும் பழக்கம் நிஜம். எருதின் மூக்கைப் பிடித்துத் தொங்க வேண்டும் என்றே முன்னோர்களைத் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். அது புத்தியில் இருக்கிறது, எலும்பில் இல்லை.

சரி, எண்களுக்கு வருவோம். எங்கள் தொழிலில் ரிஸ்க் என்று வந்தால் இரண்டாக உடைத்துக் கேட்போம். எவ்வளவு அடிக்கடி நடக்கும்? நடந்தால் எவ்வளவு சேதம்? இணையச் சண்டையில் முக்கால்வாசி, இந்த இரண்டையும் பிரிக்காததால் வருவது.

பிட் புல் எதிர்ப்பாளர்கள் முதலில் எடுத்துக் காட்டுவது 2000ல் வந்த ஒரு ஆய்வு. 1979லிருந்து 1998 வரை அமெரிக்காவில் நாய் கடித்து இறந்தவர்களின் கணக்கு. இனம் தெரிந்தது 238 மரணங்களில். அதில் பாதிக்கு மேல் பிட் புல் வகையும் ராட்வைலரும் சம்பந்தப்பட்டவை. லேசான எண் இல்லை. ஆனால் எழுதியவர்களே இரண்டு எச்சரிக்கை சொல்கிறார்கள். நாட்டில் எந்த இனம் எத்தனை இருக்கிறது என்ற கணக்கு கிடையாது. வகுக்கும் எண் இல்லாமல் விகிதம் போட முடியாது. அடுத்தது, அமெரிக்காவில் வருடத்துக்குச் சுமார் 45 லட்சம் நாய்க்கடி என்று ஒரு மதிப்பீடு உண்டு. மரணம் அதில் துளி. துளியை வைத்துச் சட்டம் போடாதீர்கள் என்றார்கள்.

அந்தக் கட்டுரையைவிட எனக்கு உறைத்தது, இனத்தை யார் எப்படி அடையாளம் சொன்னார்கள் என்ற கேள்விதான். ஃப்ளோரிடாவில் நான்கு காப்பகங்களில் 120 நாய்களை எடுத்துக்கொண்டு, ஊழியர்கள் கண்ணால் பார்த்து என்ன இனம் சொல்கிறார்கள், டி.என்.ஏ. என்ன சொல்கிறது என்று ஒப்பிட்டார்கள். 2015ல் வெளிவந்தது. டி.என்.ஏ.படி பிட் புல் வம்சம் இருந்தவை 25 நாய்கள். ஊழியர்கள் கண்ணுக்குப் பிட் புல்லாகத் தெரிந்தவை அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். நிஜமான சில பிட் புல்கள் அவர்கள் கண்ணிலிருந்து தப்பியும் போயின. ஊழியர்களில் கால்நடை மருத்துவர்களும் உண்டு. தினமும் நாயோடு புழங்குபவர்களே இப்படி என்றால், கடிபட்ட பதற்றத்தில் ஒருவர் சொல்வதையும் நிருபர் எழுதுவதையும் என்னவென்று எடுத்துக்கொள்வது? என் மகள் விரலை நக்கிய நாயின் அட்டையும் அதே மாதிரி ஒரு ஊழியரின் ஊகம்தான்.

குணத்துக்கு வருவோம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் செர்பெல் குழு, நாய் வளர்ப்பவர்களிடம் நீண்ட கேள்வித்தாள் கொடுத்து, 2008ல் 30க்கும் மேற்பட்ட இனங்களை ஒப்பிட்டது. மனிதர்கள் மேல், அதாவது வீட்டாரானாலும் அந்நியரானாலும், அதிகம் சீறியதில் முன்னால் நின்றவை டாக்ஸ்ஹண்ட், சிவாவா, ஜாக் ரஸ்ஸல். கையடக்க நாய்கள்! அவை கடித்தால் சிரித்துவிட்டு விரலைக் கழுவிக்கொள்கிறோம், பத்திரிகையில் வராது. பிட் புல் அந்த வரிசையில் முன்னால் இல்லை. ஆனால் இன்னொரு வரிசையில் இருக்கிறது. அறிமுகமில்லாத மற்ற நாய்கள் மேல் கடுமையாகப் பாய்ந்ததாகச் சொல்லப்பட்டவற்றில் அகிதா, ஜாக் ரஸ்ஸலோடு பிட் புல்லும். இந்த மூன்றிலும் ஐந்தில் ஒன்றுக்கு மேல். சண்டைக்காக வளர்த்த வம்சத்தில் இதை எதிர்பார்க்க வேண்டியதுதான். நாயைப் பார்த்துச் சீறுவதும் மனுஷனைப் பார்த்துச் சீறுவதும் நாயின் மூளையில் ஒரே சங்கதி அல்ல என்பதை இங்கே குறித்துக்கொண்டேன். பூங்காவில் இன்னொரு நாயைக் கண்டால் வெறியாகும் நாய், வீட்டில் குழந்தை காதைப் பிடித்து இழுத்தாலும் சும்மா கிடக்கலாம். ஆனால் இரண்டு நாய்களுக்கு நடுவில் கையை விடுபவர் கடிபடுவார். அது இன்னொரு கணக்கு.

2022ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது இதைவிடப் பெரிய ஆய்வு. 18,385 நாய்களின் சொந்தக்காரர்கள் பதில் சொன்னார்கள். 2,155 நாய்களின் மரபணுவைப் படித்தார்கள். நாய்க்கு நாய் இருக்கும் குண வித்தியாசத்தில் இனம் விளக்குவது சுமார் 9 சதவீதம் மட்டும். மீதியெல்லாம் அந்தத் தனி நாயின் பிறவியும் வளர்ப்பும் வயதும் அனுபவமும். இந்த 9 சதவீதத்தைப் பிட் புல் பிரியர்கள் கொடியாகப் பிடிக்கிறார்கள். நான் கொஞ்சம் தயங்குவேன். முதலாவது, 9 என்பது பூஜ்யம் இல்லை. ராஜபாளையத்தைப் பழகியவர்களுக்குத் தெரியும், அந்நியரைக் கண்டால் அது நிற்கும் தோரணை வேறு எந்த நாய்க்கும் வராது. இரண்டாவது, அந்தக் கேள்விகள் அன்றாட குணத்தைப் பற்றியவை. ஆயிரத்தில் ஒரு நாள் நடக்கும் விபரீதத்தை அன்றாட சராசரி சொல்லாது. சர்வர் சராசரி லோடு பார்த்துத் திருப்தியாகி, தீபாவளி சேல் அன்று உட்கார்ந்து அழுத அனுபவம் எனக்கு உண்டு.

இப்போது இரண்டாவது கேள்வி: நடந்தால் சேதம் எவ்வளவு? டெக்சாஸின் சான் அன்டோனியோவில் ஒரு விபத்துச் சிகிச்சை மையத்தில் 15 வருடம் சேர்ந்த 228 நாய்க்கடி நோயாளிகளை ஆராய்ந்து 2011ல் எழுதினார்கள். பிட் புல் கடித்தவர்களின் காயம் மற்றவர்களுடையதைவிடக் கடுமை, செலவு அதிகம், இறந்தவர்கள் விகிதமும் அதிகம். இதிலும் இனம் பற்றிய பழைய சிக்கல் உண்டு. இருந்தாலும் இந்த முடிவைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 25, 30 கிலோ தசை, வலியைப் பொருட்படுத்தாமல் தொடரும் பிடிவாதம், விடாத பிடி. சிவாவா கோபப்பட்டால் பிளாஸ்டர். இந்த உடம்பு கோபப்பட்டால் ஆபரேஷன் தியேட்டர். அது அகன்ற தலையுள்ள எந்தக் கலப்பு நாயானாலும் சரி, ராட்வைலரானாலும் சரி.

ஆக, 'பிட் புல் குணம் கெட்டது' என்பதற்கு ஆதாரம் மெல்லியது. 'தப்பு நடந்தால் சேதம் பெரிது' என்பதற்கு ஆதாரம் கொஞ்சம் கனமானது. பிரியர்கள் முதலாவதை மட்டும் பேசுகிறார்கள், எதிரிகள் இரண்டாவதை மட்டும்.

தனி நாய், தனி குணம் என்பதற்கு நான் பார்த்த வலுவான சாட்சி மைக்கேல் விக் வழக்கு. பிரபல கால்பந்து வீரர். 2007ல் வர்ஜீனியாவில் அவருக்குச் சொந்தமான இடத்தில் நாய்ச் சண்டைத் தொழில் நடந்தது வெளியே வந்து, 23 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். பிடிபட்ட சுமார் 50 பிட் புல்களையும் கொன்றுவிடுவதே வழக்கமாகச் செய்வது. சில பெரிய விலங்குநல அமைப்புகளே அப்படித்தான் சொல்லின. நீதிமன்றம் ஒவ்வொரு நாயையும் தனித்தனியாகச் சோதிக்கச் சொன்னது. ஆக்ரோஷம் தாங்காது என்று கொல்லப்பட்டது ஒன்றே ஒன்று. பெரும்பாலானவை எப்படி இருந்தன தெரியுமா? பயந்து, தரையோடு ஒட்டிக் கிடந்தன. 22 நாய்கள் யூட்டாவில் உள்ள ஒரு சரணாலயத்துக்கும், மற்றவை பல மீட்பு அமைப்புகளுக்கும் போயின. பல பிறகு குழந்தைகள் இருக்கும் வீடுகளில் வளர்ந்தன, சில மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு ஆறுதல் தரும் வேலைக்குப் போயின. 2008 டிசம்பரில் அவற்றில் ஒன்றின் படத்தை அட்டையில் போட்டது எந்தப் பத்திரிகை? அதே ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்தான். சண்டைக்கென்றே வளர்த்த நாய்களிலேயே இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது.

தடை போட்டவர்களின் அனுபவத்தையும் சீக்கிரம் பார்த்துவிடுவோம். இங்கிலாந்து 1991ல் பிட் புல் உட்பட நான்கு வகைகளைத் தடை செய்தது. அதன்பின் நாய்க்கடிக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் எண்ணிக்கை குறையவில்லை, ஏறியது. 2024 பிப்ரவரியிலிருந்து எக்ஸ்எல் புல்லியை விலக்கு அனுமதி இல்லாமல் வைத்திருப்பதும் அங்கே குற்றம். நெதர்லாந்து 1993ல் போட்ட தடையை, கடி குறையவில்லை என்று 2008ல் கைவிட முடிவெடுத்தது. இந்தியாவில் 2024 மார்ச்சில் மத்திய அரசு பிட் புல் உட்பட 23 இனங்களைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. யாரையும் கலந்து பேசவில்லை என்று அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

கடைசியாகப் படித்த கட்டுரைதான் என் வீட்டுக்கு நேராக வந்தது. 2000லிருந்து 2009 வரை அமெரிக்காவில் நடந்த 256 நாய்க்கடி மரணங்களை, செய்தித்தாளை நம்பாமல் போலீஸ் விசாரணையாளர்களிடமும் மருத்துவர்களிடமும் கேட்டு ஆராய்ந்தார்கள். இனத்தை உறுதியாகச் சொல்ல முடிந்தது 18 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் மற்ற விவரங்கள் திரும்பத் திரும்ப வந்தன. தடுக்கத் தெம்புள்ள ஒரு ஆள் பக்கத்தில் இல்லை: 87 சதவீதம். இறந்தவர் அந்த நாய்க்குப் பழக்கமில்லாதவர்: 85. நாய்க்குக் கருத்தடை செய்யவில்லை: 84. குழந்தை, முதியவர் மாதிரி தன்னைக் காத்துக்கொள்ள முடியாதவர்: 77. நாயை வீட்டு ஆளாக வளர்க்காமல் சங்கிலியிலோ கொல்லையிலோ தனியாக விட்டது: 76. பத்தில் எட்டு மரணத்தில் இந்த மாதிரி காரணங்கள் நான்காவது சேர்ந்திருந்தன. எங்கள் துறையில் பெரிய அவுட்டேஜ் எல்லாம் இப்படித்தான் வரும். ஒரு பிழை தனியாக எதையும் சாய்ப்பதில்லை.

படித்தபோது 2022 ஜூலையில் லக்னோவில் நடந்தது நினைவுக்கு வந்தது. 82 வயது அம்மா, வீட்டில் தனியாக இருந்தபோது, வளர்த்த பிட் புல்லே கடித்து இறந்துபோனார். பழகிய நாய்தான். ஆனால் தடுக்க ஆள் இல்லை, தப்பிக்கத் தெம்பில்லை.

ஒரு பேப்பரில் எங்கள் வீட்டை எழுதிப் பார்த்தேன். கருத்தடை காப்பகமே செய்துவிடும். கொல்லையில் கட்டப்போவதில்லை. ஆனால் நானும் மனைவியும் வேலைக்குப் போனால் பகலில் வீட்டில் இருக்கப்போவது அம்மாவும் மூன்று வயதுப் பையனும். நாய்க்கு அம்மா புதியவர். கைத்தடியை ஓங்கினால் அது என்ன நினைக்கும் என்று யாருக்குத் தெரியும்? அம்மா நாயை விரட்டுவதற்கென்றே கைத்தடியை ஓங்கும் தலைமுறை. மூன்று கட்டம் நிரம்பிவிட்டது.

மகளை உட்காரவைத்து இதையெல்லாம் சொன்னேன். எண்களோடுதான். ஒன்பது வயதுக்கு நன்றாகவே புரிந்துகொண்டாள். "அப்போ அது கெட்ட நாய் இல்லையா?" என்று கேட்டாள். "இல்லம்மா. நம்ம வீடு இப்போ அதுக்குச் சரியில்ல" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ லேப்ரடார் எடுக்கலாமா?" என்றாள். இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். நான் சொன்ன கணக்குப்படி 30 கிலோ லேப்ரடாரும் கூடாது. அம்மா ஊருக்குத் திரும்பும் வரை பெரிய நாய் எதுவும் இல்லை என்று முடிவானது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் அவளைக் காப்பகத்துக்குக் கூட்டிப்போகிறேன். பெற்றோர் கூட இருந்தால் பிள்ளைகள் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து நாய்களுக்குக் கதைப் புத்தகம் வாசிக்கலாம் என்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். நாய்களுக்கு மனுஷக் குரல் பழகும் என்பது அவர்கள் எண்ணம். பழுப்பு நாயை யாரோ தத்தெடுத்துப் போய்விட்டார்கள், பிள்ளைகள் இல்லாத தம்பதியாம். போன வாரம் அதே கூண்டில் வேறொரு நாய். அதே தலை, அதே மார்பு. அட்டையில் 'லேப் மிக்ஸ்' என்று எழுதியிருந்தது.